இருவராய்ப் போய் மூவராய் வந்தோம்

செங்கல்பட்டைத் தாண்டிப் போவதென்றாலே பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டுக் கிளம்புகிற குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட நாங்கள் ஒன்றரை வருஷத்துக்குள் கடல் தாண்டிப் போய், ஒரு கைக்குழந்தையோடு திரும்பி, கோயிலுக்குப் புறப்பட்டு நடுரோட்டில் நின்று, மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு டவுன் பஸ் மாதிரி போய் வந்தோம். "என்னப்பா, ஒன்றரை வருஷமா உங்க வூட்ல யாரையும் கையில புடிக்கவே முடியலையே" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. அப்பா காலத்தில் நெல் விளைந்த எங்கள் நிலம் மனைகளாகப் பிரிந்து போய்விட்டது. அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களுக்கே நான் இப்போது குழாயும் பெயிண்டும் விற்கிறேன்.

என் தங்கை தேவி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் ஜெயபாலுக்கு அதே ஊரில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்களில் வழக்கம். அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லாததால், என் வீடுதான் அவளுக்குத் தாய் வீடு. ஆனால் தேவிக்கு ஊருக்கு வந்து பிரசவம் பார்த்துக்கொண்டு திரும்புகிற அளவுக்கு லீவு கிடைக்கவில்லை.

"அவ வராட்டி இன்னா? தாய் வூடு அங்க போவும்" என்றாள் என் மனைவி சரோஜா. அவள் பம்மல்காரி, சொன்னால் சொன்னதுதான். கடையை அவள் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

விமானத்தில் சரோஜா கண்ணைத் திறக்கவே இல்லை. வந்த சாப்பாட்டைக்கூட இடக்கையால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளிவிட்டாள். தரையில் கால் வைத்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "இதான் மொத தபா, இதான் கடைசி தபா. திரும்பிப் போறதுக்குக் கப்பல் கீதான்னு கேளுங்க."

கப்பலைப் பற்றிக் கேட்பதற்குள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டோம். தேவிக்காக ஒரு வாரம் இடித்துச் சலித்துக் கிண்டிய பிரசவ லேகியத்தைச் சரோஜா ஒரு எவர்சில்வர் தூக்கில் கொண்டு வந்திருந்தாள். அதிகாரி மூடியைத் திறந்தார். உள்ளே கருப்பாக, பிசுபிசுவென்று, எண்ணெய் மினுக்கத்தோடு ஒரு வஸ்து. முகர்ந்து பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூக்கைச் சுற்றி ஆளுக்கொரு பக்கம் குனிந்து நின்றார்கள். போதைச் சமாசாரம் என்று நினைத்துவிட்டால் வெளியே வருவது எப்போது?

பெட்டி தூக்குகிற மலையாளி ஒருவர் மொழிபெயர்க்க வந்தார். "இது எந்தாணுன்னு கேக்குது" என்றார்.

"புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறது. சுக்கு, மொளகு, திப்பிலி, வெல்லம், நல்லெண்ணெ. வேற ஒரு மண்ணும் இல்ல" என்றாள் சரோஜா.

அவர் அதை அரபியில் என்னவாகச் சொன்னாரோ, அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. சரோஜா பார்த்தாள். தூக்கில் கையை விட்டு எலுமிச்சம்பழ அளவு எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அப்புறம் இன்னொரு சின்ன உருண்டை உருட்டி அதிகாரியிடமே நீட்டினாள். அந்த மனிதரும் வீம்புக்காரர்தான், வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மிளகும் திப்பிலியும் தங்கள் வேலையைக் காட்டின. கண்ணில் தண்ணீர் முட்ட, இருமிக்கொண்டே ஏதோ சொன்னார்.

மலையாளி சிரித்துவிட்டார். "போன மாசம் இவரு வீட்லயும் பிரசவமாம். கொறச்சு கிட்டுமோன்னு கேக்குது."

சரோஜா ஒரு கை நிறைய வழித்துக் காகிதத்தில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். "வெறும் வயித்துல குடுக்கச் சொல்லுப்பா" என்று பத்தியமும் சொல்லி அனுப்பினாள்.

மஸ்கட் எனக்குப் பிடித்திருந்தது. திரிசூலம் மலையில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பச்சையையும் வழித்துவிட்டு வரிசையாக நிறுத்தினால் எப்படியோ அப்படி எங்கே பார்த்தாலும் மலைகள். "இன்னாங்க இது, எல்லா மலையும் மொட்டையா கீது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் சரோஜா. தேவி குடியிருந்த தெருவுக்கு நம் ஊர் மாதிரியே லாரியில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் சரோஜாவுக்கு ஊர் பழகிவிட்டது. குபூஸ் ரொட்டியை எங்கள் வீட்டு வத்தக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். தப்பாகச் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அமுதா என்று பெயர் வைத்தார்கள். தேவிக்குப் பால் ஊற வேண்டும் என்று சரோஜா சுறாமீன் தேடிப் புறப்பட்டாள். எங்கள் தெருவுக்குக் கோவளத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மாவுக்கு எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்பது தெரியும். கேட்காமலே பால் சுறாவை எடுத்து வைப்பார். மஸ்கட்டின் மத்ரா மீன் சந்தையில் யாரிடம் போய்ச் சொல்வது? சரோஜா தலைமேல் கையைச் செங்குத்தாக வைத்துச் சுறாவின் துடுப்பைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டில் ஆட்டினாள். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தலைப்பாகை கட்டிய வயதான மீன்காரர் ஒருவர் மட்டும் புரிந்துகொண்டு, அடியிலிருந்து குட்டிச் சுறா ஒன்றை எடுத்துப் போட்டார். ஏதோ கேட்டார். கூட வந்த ஜெயபால் மொழிபெயர்த்தார்: "பையனா பொண்ணான்னு கேக்கறாரு மச்சான்." பெண் என்றதும் கொசுறாக ஒரு மீனும் சேர்த்துக் கட்டினார். கோவளத்தம்மாகூட அவ்வளவு பெரிதாகக் கொசுறு போட்டதில்லை.

நாங்கள் ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேவி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணா, நீங்க போகும்போது இவளையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

அவளுக்கு லீவு முடிகிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் மாறி மாறி வருகிற ஷிப்ட். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "ஒரு வருஷந்தான். அதுக்குள்ள பகல் ட்யூட்டி மட்டும் இருக்கற வார்டுக்கு மாத்தித் தரேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். பிறகு சரோஜா பக்கம் திரும்பினாள். "ஆனா, அதுக்குள்ள அவ என்னை மறந்துடுவா அண்ணி."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழந்தை இல்லை. அந்த மஸ்கட் தங்கலில் அமுதாவைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மடியில் போட்டுத் தூங்க வைத்தவள் சரோஜாதான். அவள் மனசில் அப்போது என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

"மறக்க வுட்டாத்தானே?" என்றாள் சரோஜா. "நான் அத்தை. அத்தையாத்தான் இருப்பேன். உன் பொண்ணு உன்னத்தான் அம்மான்னு கூப்புடும். இது என் பொறுப்பு."

திரும்பும் விமானத்தில் சரோஜா கண்ணை மூடவே இல்லை. மடியில் குழந்தை இருந்தது. பக்கத்து இருக்கையில் வாலாஜா பக்கத்துக் கொத்தனார் ஒருவர், வெகு நாள் கழித்து ஊருக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் குழந்தையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு பொண்ணு கீதும்மா. போட்டோவுலதான் பாத்துக்கினு இருக்கேன். இப்போ ஓடியாடுதாம். என்கிட்ட வருமாம்மா?"

"வரும்ணா, வராம எங்க போவுது" என்றாள் சரோஜா. ஆனால் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்பே என்னிடம் சொன்னாள்: "போட்டோ பத்தாதுங்க. தேவிய கேசட்ல பேசி அனுப்பச் சொல்லுங்க."

ஜெயபால் எங்களுக்கு ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்து அனுப்பியிருந்தார். மஸ்கட்டிலிருந்து வருகிறவர் போகிறவர் கையில் எல்லாம் தேவி கேசட் கொடுத்துவிட்டாள். "அமுதாக் கண்ணு, அம்மா பேசறேன்டா. சாப்ட்டியா? அத்தைகிட்ட சமத்தா இருக்கியா?" என்று ஆரம்பிக்கும். அப்புறம் கைதட்டுவாள், நாய் மாதிரி குரைப்பாள், ட்யூட்டியில் நடந்ததைச் சொல்வாள். காலைக் கூழுக்கு ஒரு தடவை, தூங்கப் போகும்போது ஒரு தடவை என்று சரோஜா அதைப் போட்டுவிடுவாள். கேசட் ஓடினால்தான் குழந்தை வாயைத் திறக்கும் என்று ஆகிவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் ரயில்வே கேட் இருக்கிறது. கேட்மேன் மணி அடித்தால் போதும், சரோஜா அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். எலக்ட்ரிக் ரயில் தடதடவென்று போகும். "டாட்டா சொல்லு, டாட்டா சொல்லு" என்று அதன் கையைப் பிடித்து ஆட்டுவாள். கடையில் என்னை விட்டுவிட்டு ரயிலுக்கு டாட்டா சொல்வதே இரண்டு பேருக்கும் முழுநேர வேலையாக இருந்தது.

ஒரு நாள் குழந்தை அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ம்மா" என்றது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. சரோஜா அதன் கையை எடுத்து டேப் ரிக்கார்டர் மேல் வைத்தாள். "நான் அத்தைடி. அம்மா தோ, இங்க பேசுது பாரு." சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். அதற்கப்புறம் தினமும் இது நடந்தது.

மொட்டை போட்டுக் காது குத்தும் நாள் வந்தது. ஜெயபாலின் குலதெய்வம் கூடுவாஞ்சேரியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அந்தப் பெருமையில் நான் புது வேட்டி கட்டியிருந்தேன். அம்மா குரல் இல்லாமல் குழந்தை சாப்பிடாது என்பதால் டேப் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டோம். வாடகை வேன் வண்டலூர் வரைக்கும் ஒழுங்காக வந்து, அங்கே ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

"பேஜாராப் போச்சு சார். பெல்ட்டு அந்துகிச்சு" என்றார் டிரைவர்.

"எவ்ளோ நேரமாவும்?"

"பெல்ட்டு கெடைக்கிற நேரந்தான் சார்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் பொங்கல் பானை, பூக்கூடை, குழந்தை, டேப் ரிக்கார்டர் எல்லாவற்றோடும் பஸ்ஸுக்கு நின்றோம். ஏறியதும் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், பாட்டுக் கச்சேரியா?" பஸ் முழுக்கச் சிரித்தது. என் புது வேட்டியில் யாரோ மிதித்து ஒரு செருப்புத் தடம் விழுந்திருந்தது.

கோயிலில் ஜெயபாலின் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். குழந்தை என் மடியில் திமிறியது. நாவிதர் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, "தாயாரு யாரும்மா? முன்னால வந்து நில்லுங்க. மூஞ்சியப் பாத்தா அழாது" என்றார். யாரும் வரவில்லை என்றதும் குழந்தையிடமே கொஞ்சினார். "அம்மா எங்கடா கண்ணு? அம்மாவக் காட்டு, பாப்போம்."

அமுதா அழுகையை நிறுத்தினாள். தலையைத் திருப்பித் தேடினாள். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த டேப் ரிக்கார்டரை விரலால் காட்டினாள்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "ஃபாரின் அம்மா!" என்று யாரோ சொல்ல, இன்னும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். சரோஜா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவியிருந்த குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "மறக்க வுட மாட்டேன்னுதானே சொன்னேன்? பொட்டியத்தாங்க ஞாபகம் வெச்சிக்கினு கீது."

அன்றிலிருந்து தேவியின் போட்டோவை டேப் ரிக்கார்டர் மேல் சாய்த்து வைத்துக் கேசட் போட்டாள். குழந்தை போட்டோவை எடுத்துக் கடித்தது.

தேவி லீவில் வந்தாள். பகல் ட்யூட்டி கிடைத்துவிட்டது, குழந்தையை அழைத்துப் போகத்தான் வந்தாள். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஓடி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அமுதா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீரிட்டு அழுதுகொண்டு சரோஜாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சரோஜா பிரித்துக் கொடுக்கப் பார்த்தாள். பிடி இறுகியதே தவிர விடவில்லை. டாக்சியில் தேவி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். "அவளைச் சொல்லி என்ன அண்ணி" என்றாள் ஒரு தடவை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். "அண்ணி, சக்கரை எதுல வெச்சிருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த அமுதா சட்டென்று நிமிர்ந்தாள். கையிலிருந்த கிலுகிலுப்பையைப் போட்டுவிட்டு, தத்தித் தத்தி நடந்து டேப் ரிக்கார்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதற்கு மின்சார ஒயர்கூடச் செருகவில்லை. உள்ளங்கையால் அதைத் தட்டினாள். காதை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

தேவி வாசற்படியில் வந்து நின்று அதைப் பார்த்துவிட்டாள். எங்கள் அம்மா இறந்தபோது அவள் அழுது பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரோஜாதான் அவளைப் பிடித்து இழுத்து டேப் ரிக்கார்டருக்குப் பின்னால் உட்கார வைத்தாள். "அழுவாத. பேசு. கேசட்ல பேசற மாதிரியே பேசு."

"முடியல அண்ணி..."

"முடியும். பேசு."

தேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அமுதாக் கண்ணு... அம்மா பேசறேன்டா. சாப்ட்டியா?" கைதட்டினாள். "அத்தைகிட்ட சமத்தா இருக்கியா?" நாய் மாதிரி குரைத்துக் காட்டினாள்.

குழந்தை பெட்டியைப் பார்த்தது. அப்புறம் மெல்ல நிமிர்ந்து, பெட்டிக்கு மேலே தெரிந்த வாயைப் பார்த்தது. அது அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து, பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களைத் தேவியின் வாய்க்குள் விட்டது. உள்ளே யார் என்று தேடுகிற மாதிரி. தேவி விரல்களோடு சேர்த்துப் பேசினாள், பேச்சு கோணல்மாணலாக வந்தது. அமுதா கெக்கலித்துச் சிரித்தாள்.

சரோஜா இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து டேப் ரிக்கார்டரை மெதுவாக உருவி எடுத்தாள். ஒயரைச் சுற்றிக் கட்டி, பீரோ மேல் வைத்துவிட்டாள்.

லீவு முடிந்து அவர்கள் கிளம்பியபோது அமுதா தேவியின் இடுப்பில் இருந்தாள், இரண்டு வேளையும் அவள் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும், ரயிலுக்குக் காட்டுகிற மாதிரியே எங்களுக்கு டாட்டா காட்டினாள். கொடுத்த வாக்கைச் சரோஜா நிறைவேற்றிவிட்டாள். வீடு வந்து சேர்ந்ததும் அதற்குமேல் செய்ய அவளுக்கு வேலை எதுவும் இல்லை. கேட்மேன் மணி அடிக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவாள், பிறகு மறுபடியும் பற்ற வைப்பாள்.

தேவியிடமிருந்து ஒரு கேசட் வந்தது. "அத்தை அத்தைன்னு தேடறா அண்ணி. நீங்க கொஞ்சம் பேசி அனுப்புங்களேன்."

சரோஜா டேப் ரிக்கார்டரை இறக்கி, வாசல் ஜன்னலில் வைத்து, பதிவு பட்டனை அழுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கேசட் சுற்றியது. அவள் வாயைத் திறக்கவில்லை. பேசு என்று நான் சைகை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு பக்கம் முழுவதும் ஓடி, பட்டன் தானாக எகிறியது. "நான் பொட்டிக்குள்ள போவ மாட்டேங்க" என்றாள். "அம்மாவப் பொட்டின்னு நெனச்சி அது பட்டது போதும். அப்படியே குடுத்தனுப்புங்க."

பம்மல் தோல் கம்பெனியில் வேலை பார்த்து, இப்போது மஸ்கட்டுக்குப் போகிற ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினேன். காலி கேசட்டைக் கடல் தாண்டி அனுப்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் கேசட் நேற்று வந்தது. தேவி பேசினாள்: "அண்ணி, மொதல்ல ஒண்ணுமே இல்லையேன்னு அவரு நிறுத்தப் போனாரு. காக்கா கத்தறது, காய்கறிக்காரர் போறது, அவ்ளோதான். அப்பதான் மணி அடிச்சிது. அப்புறம் ரயில். சாப்ட்டுட்டு இருந்தவ எழுந்திரிச்சு நேரா வாசக்கதவுகிட்ட ஓடிப்போய் டாட்டா காட்டறா அண்ணி. காட்டிட்டு என்கிட்ட வந்து, 'அத்தை?'ன்னு ரெண்டு கையையும் விரிக்கறா. டேப்ப அவ திரும்பிக்கூடப் பாக்கல. கதவத் தொறக்கச் சொல்லி அழறா."

சரோஜா அதை நிறுத்தினாள். எழுந்து உள்ளே போனாள். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஏங்க, அந்த பாஸ்போர்ட்ட எங்க வெச்சீங்க?"

"எதுக்கு? கப்பலெல்லாம் கிடையாது. விமானம்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள் உள்ளேயிருந்து. "கண்ணத் தொறந்துகினே வரேன்."